எண்ணறதுல ஏதுங்க மைனஸ்?

என் உயிர் ஓர் ஆங்கில எழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில் நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன் என்பது ஊர்க்காரர்களின் கட்சி. யார் கேட்டாலும் நானும் அதையேதான் சொல்லி வந்தேன். எல்லாவற்றையும் மூன்று பெண்கள் பார்த்துக்கொண்டார்கள், நான் படுத்திருந்தேன். சாந்தாமணியைக் கேட்டால், கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் இதே ஏற்பாடுதான் என்பாள்.

என் பெயர் நாச்சிமுத்து. கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். எரிந்துபோன மோட்டாருக்கு உயிர் கொடுக்கப்படும் என்று வாசலில் பெரிதாக எழுதிப் போட்டிருந்தேன். என் நரம்புகள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கியபோது அந்தப் பலகையைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்தது. முதலில் இடது கை போனது. அடுத்தது கால். அதற்கடுத்தது மூச்சு என்றார்கள். மருந்து இருக்கிறதா என்று கேட்டேன்.

"இன்னும் வரலைங்க. வர்ற வரைக்கும் தூங்கறீங்களா?" என்றார் டாக்டர் உலகநாதன்.

அவர் கேலி செய்யவில்லை. நெடுந்தூக்கப் பெட்டிகள் அப்போதுதான் நம் ஊர்ப் பக்கம் வந்திருந்தன. சிறுவாணி சாலையில் ஒரு மருத்துவமனையில் வரிசையாகக் கண்ணாடி மூடிய பெட்டிகள். உள்ளே படுக்கவைத்து, உடம்பைக் குளிர்வித்து, தினமும் காலையில் தூக்க மருந்து ஏற்றுவார்கள். நோய் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். மருந்து வந்ததும் கொடுத்து எழுப்புவார்கள். விரல் நுனிகூட அசையாது, கனவும் வராது என்றார்கள். சாந்தாமணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மருந்து வர்ற வரைக்கும் குறட்டைச் சத்தம் இல்லாம நானும் தூங்குவேன், போங்க" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

பெட்டிக்குள் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிய ஒரு வழி வைத்திருந்தார்கள். தினமும் காலையில் பெட்டி உடம்புக்குள் லேசாக மின்சாரம் அனுப்பும். அதற்குப் பதில் கொடுக்கிற செல்களை எண்ணி, தலைமாட்டில் உள்ள திரையில் காட்டும். அதற்கு 'உயிர் எண்' என்று பெயர். தூங்குகிறவருக்கு நூற்றைம்பது கோடியிலிருந்து இருநூறு கோடி வரை இருக்கும். ஐம்பதுக்குக் கீழே போனால் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். ஐந்நூறைத் தாண்டினால் ஆள் முழித்துவிட்டார் என்று பொருள். முழித்த உடம்பில் தூக்க மருந்தை ஏற்றினால் இதயம் நின்றுபோகும், ஜாக்கிரதை என்று சுவரில் எழுதியே ஒட்டியிருந்தது. ஆனால் அதுவரை யாரும் முழித்ததில்லை என்பதால், ஐந்நூறைத் தாண்டிய எண்ணை யாரும் பார்த்ததுமில்லை.

நான்கு வருடத்தில் பெட்டிக்கு வெளியே ஒரு சின்னக் குடித்தனமே நடந்திருக்கிறது. காத்திருக்கும் கூடத்தில் சாந்தாமணிக்குப் பக்கத்து நாற்காலி மயிலாத்தாளுடையது. அதே நோயோடு என் பக்கத்துப் பெட்டியில் தூங்கிய வெள்ளிங்கிரியின் மனைவி. கல்யாணங்களுக்குச் சமையல் எடுத்துச் செய்கிறவள். ஆயிரம் பேர் பந்தி என்றாலும் அலட்டிக்கொள்ளமாட்டாள். வரும்போதெல்லாம் தூக்குப் போசியில் சாதம் கொண்டுவந்து சாந்தாமணியை உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்வாள். என் மனைவி அந்த வருடங்களில் இளைக்காமல் இருந்ததற்கு நான் முதலில் நன்றி சொல்லவேண்டியது மயிலாத்தாளுக்குத்தான்.

பிறகு மருந்து வந்தது. வெள்ளிங்கிரிக்கு முதலில் கொடுத்தார்கள். சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் காலை திரையில் மைனஸ் இருநூற்றொன்பது கோடி என்று வந்தது.

"சுழிக்கும் கீழ போயிருச்சும்மா" என்றார் டாக்டர் உலகநாதன். "அழிஞ்சுபோன செல்லையெல்லாம் பெட்டி கழிச்சிருக்கு. மருந்து ஒத்துக்கல. உடம்பு உள்ளுக்குள்ளயே கரைஞ்சுபோச்சு. இனி வச்சிருக்கறது அவருக்கு நாம செய்யற மரியாதை இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். நிறையப் படித்தவருக்கு எதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும், அதுதான் அவருடைய கஷ்டம். மயிலாத்தாள் கையெழுத்துப் போட்டாள். பெட்டியை நிறுத்துவதற்கு முன் எல்லோரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, குனிந்து, அவர் காதுப் பக்கம் கண்ணாடியில் வாயை வைத்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

காரியம் முடிந்த பிறகும் அவள் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்தவில்லை. சாந்தாமணிக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். அப்படியே எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பாள்.

"உசுரோட இருக்கற செல்ல எண்ணறோமுன்னு சொன்னீங்க. எண்ணறதுல ஏதுங்க மைனஸ்? பந்தியில எத்தன பேருன்னு கேட்டா நூறும்பீங்க, எரநூறும்பீங்க, ஒருத்தருமில்லைம்பீங்க. மைனஸ் பத்துப் பேரு உக்காந்து சாப்புடறாங்கன்னு எவனாச்சும் சொல்லுவானா?"

நர்சுகள் பாவம் என்று தலையாட்டினார்கள். வாட்ச்மேன் டீ வாங்கிக் கொடுத்தார். நஸ்ரீன் என்ற பெண்ணிடமும் கேட்டிருக்கிறாள். திரையில் வருவதையெல்லாம் தமிழில் காட்டுவதற்காகப் புதிதாக வேலைக்கு எடுத்திருந்த எஞ்சினியர். "பாத்துச் சொல்றேன்க்கா" என்று சொல்லிவிட்டு அவளும் வேலையில் மூழ்கிவிட்டாள்.

எனக்கு மருந்து கொடுத்தார்கள். நூற்றெண்பது கோடி, நூற்றெண்பத்திரண்டு கோடி என்று நல்லபிள்ளையாக ஏறிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை மைனஸ் நூற்று ஐம்பத்தொன்பது கோடி.

சாந்தாமணியை என் பெட்டிக்கருகே வரவழைத்து டாக்டர் விஷயத்தைச் சொன்னார். முன்பு சொன்ன அதே வார்த்தைகள். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. பேனாவை நீட்டினார். அவளும் வாங்கிவிட்டாள். கூட வந்திருந்த மயிலாத்தாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நானும் இப்படித்தான் போட்டேன் சாந்தா. நீ போடாத. என்ற கேள்விக்கு ஒரு பதிலச் சொல்லீட்டு, அப்பறம் உன்ற கையெழுத்தக் கேக்கட்டும்."

"அம்மா, அவரைப் போட்டு வதைக்கறோம்" என்றார் டாக்டர்.

"வதைக்கறமா இல்லையான்னு தெரியறதுக்குத்தானுங்க கேக்கறேன்."

பக்கத்துத் திரையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நஸ்ரீன் திரும்பினாள். "சார், அக்கா கேக்கறது சரி. உயிர் எண்ணை நிரல்ல மைனஸே வர முடியாத எண்ணாத்தான் வச்சிருக்காங்க. நான் பார்த்திருக்கேன். உள்ளே இருக்க முடியாத மைனஸ் வெளியே எப்படி வருது?"

"பெட்டி பொய் சொல்லுதுங்கறியாம்மா?"

"பெட்டிக்கு உண்மை தெரியும் சார். அதை வாய்விட்டுச் சொல்ற இடத்துலதான் ஏதோ தப்பு. மத்தியானம் வரைக்கும் குடுங்க."

டாக்டர் பேனாவைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் செருகினார். பிறகு, "சரி" என்றார். அந்த ஒரு 'சரி'க்காக அவர்மேல் எனக்கிருந்த கோபத்தில் முக்கால்வாசியைத் தள்ளுபடி செய்துவிட்டேன். அவர் சாந்தாமணியை அழைத்துக்கொண்டு வெளியே போனார். நஸ்ரீன் தன் மடிக்கணினியை எடுக்க ஓடினாள். மயிலாத்தாள் மட்டும் நின்றாள். கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்துக் குனிந்து, "தம்பி, சித்தப் பொறுத்துக்கங்க. இந்தத் தடவ நான் உடமாட்டேன்" என்று மெதுவாகச் சொன்னாள்.

நஸ்ரீன் வந்து பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். பெட்டியின் நிரல் C என்ற பழைய கணினி மொழியில் எழுதியது. எழுதியவர்கள் யாரும் இப்போது அங்கே இல்லை. அவள் முதலில் செய்தது, வாயடைத்து வைத்திருந்ததைத் திறந்துவிட்டதுதான். நிரலைச் சரிபார்த்து இயந்திர மொழிக்கு மாற்றுகிற கம்பைலர், சந்தேகமாக எதைப் பார்த்தாலும் எச்சரிக்கை கொடுக்கும். நூற்றுக்கணக்கில் வந்து தொல்லை செய்கிறதே என்று இந்தத் தொழிலில் பலர் அதை மொத்தமாக அமுக்கிவிடுவார்கள். இங்கேயும் யாரோ அமுக்கியிருந்தார்கள். நஸ்ரீன் திறந்ததும் திரை முழுக்கப் பொலபொலவென்று கொட்டியது. அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். பிறகு நிறுத்தினாள்.

"அக்கா, இங்க பாருங்க. உயிர் எண்ணைத் திரையில காட்டுற வரி. எண்ணை எப்படிப் படிக்கணும்னு இங்க ஒரு குறி போடணும். %d போட்டிருக்காங்க."

"அது தப்பா கண்ணு?"

"மைனஸும் வரக்கூடிய எண்ணுக்கு அது சரி. எல்லாரும் பழக்கத்துல அதைத்தான் போடுவோம், கை தானாப் போகும். ஆனா அது பாதி இடத்தைப் பிளஸுக்கும் பாதி இடத்தை மைனஸுக்கும் ஒதுக்கி வச்சுட்டுப் படிக்கும். எண் இருநூத்திப் பதினாலு கோடி வரைக்கும் பேசாம இருக்கும். அதைத் தாண்டினா மைனஸ்ங்கும்."

மயிலாத்தாள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். "ஏறுனாத்தான் மைனஸ் வருமா?"

"ஆமாக்கா."

"அப்ப என்ற ஊட்டுக்காரருக்கும்..."

நஸ்ரீன் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். சற்று நேரம் கழித்து மயிலாத்தாளே அவளை விலக்கி, "என்னைய அப்பறம் பாத்துக்கலாம். இவரப் பாரு" என்றாள். 

d இருந்த இடத்தில் u என்று மாற்றினாள் நஸ்ரீன். மைனஸ் இல்லாத எண்ணுக்கான குறி அது. திரையில் இருநூற்றெழுபது கோடி என்று வந்தது.

சாந்தாமணி ஓடிவந்தாள். டாக்டர் உலகநாதன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடித் திறந்தார். "உயிரோட இருக்கார்! நல்லாத் தூங்கறார். ஐந்நூறு வரட்டும், எழுப்பிரலாம். சிஸ்டர், இன்னைக்கு மருந்து ஏத்தலையே, கொண்டாங்க." சாந்தாமணி நஸ்ரீனின் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். என்னிடம் அந்தப் பாசத்தைக் காட்டிப் பல காலம் ஆகிறது. எல்லோரும் பேசினார்கள், எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டர் தூக்க மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு என் பெட்டியின் குழாயைத் திருகினார்.

நஸ்ரீன் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். அந்த வரியின் பேரில் கம்பைலர் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எண்தான் சரியாக வந்துவிட்டதே, இது என்ன நச்சரிப்பு என்று மூடிவிட நினைத்தாளாம். அதை அமுக்கியவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று தோன்றியதும் படித்துப் பார்த்தாள்.

"ஊசி போடாதீங்க! சிஸ்டர், நிறுத்துங்க!"

சிஸ்டரின் கை அப்படியே நின்றது.

"சார், குறியை மட்டும்தான் மாத்தினேன். அளவைப் பார்க்கல. இவங்க எண்ணை ரெண்டு மடங்கு நீளமான இடத்துல வச்சிருக்காங்க. %u அதுல பாதியைத்தான் படிக்கும். நம்ம வீட்டு மீட்டர்ல அஞ்சு இலக்கம்தான் இருக்குன்னு வைங்க. ரெண்டு லட்சத்துப் பத்து யூனிட் ஓடியிருந்தாலும் பத்துன்னுதான் காட்டும் இல்லையா? அந்த மாதிரி."

"அப்ப இருநூத்தியெழுபதும் பொய்யா?"

"மிச்சம்தான் இருநூத்தியெழுபது. மேல எவ்வளவு இருக்குன்னு தெரியாது."

 u இருந்த இடத்தில், முழு நீளத்தையும் படிக்கிற llu என்று மாற்றினாள். இரண்டு எழுத்து கூடுதல். அவ்வளவுதான் வேலை.

எழுநூறு கோடி.

 சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது. "முழிச்சிருக்கார்" என்றார் டாக்டர், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு சத்தமாக, "முழிச்சிருக்கார்! கண்ணாடியைத் திறங்க, சூடு ஏத்துங்க!"

நான் கண் திறந்ததும் முதலில் பார்த்தது சாந்தாமணியின் மூக்கு நுனி. கண்ணீர் அதில் வந்து நின்று என் வாயில் சொட்டியது. உப்பாக இருந்தது. நான்கு வருடம் கழித்து முதல் ருசி. ஆண்டவனுக்கும், மருந்து கண்டுபிடித்த முகம் தெரியாதவர்களுக்கும், ஓயாமல் முணுமுணுத்த அந்தக் கம்பைலருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட நினைத்தேன். கை எழும்ப மூன்று வாரம் ஆனது.

டாக்டர் உலகநாதன் ஒன்றையும் மறைக்கவில்லை. வெள்ளிங்கிரியின் பெட்டியில் கடைசி நாள் எண் அப்படியே இருந்தது. சரியான குறியைப் போட்டுப் பார்த்தபோது அறுநூற்றைம்பது கோடி. அதை எடுத்துக்கொண்டு தொண்டாமுத்தூரில் மயிலாத்தாள் வீட்டுக்கே போய், "நாங்கதாம்மா தப்புப் பண்ணினோம். அவர் முழிச்சிருந்தார்" என்று சொல்லிவிட்டு அழுதிருக்கிறார். வேலையைவிட்டே போகிறேன் என்றாராம். அவள் ஒன்றே ஒன்று கேட்டாளாம்: முழிச்சிருந்தார்னா, காது கேட்டிருக்குமா? "எனக்குத் தெரியலம்மா. அதைச் சொல்லக்கூடியவர் உலகத்துல ஒருத்தர்தான் இருக்கார்" என்றிருக்கிறார் டாக்டர்.

இதை அவர் என்னிடம் சொன்னபோதே முடிவு செய்துவிட்டேன். எனக்கு எல்லாம் கேட்டது. முந்தின நாள் தூக்க மருந்தின் பிடியில் இமையைக்கூட அசைக்க முடியாமல், சாந்தாமணி பேனாவை வாங்கியது, நஸ்ரீன் தட்டிய தட்டல், என் தலைமாட்டில் குழாய் திருகிய கிறீச், அத்தனையும் கேட்டுக்கொண்டு கிடந்தேன். அப்படியானால் வெள்ளிங்கிரியும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருப்பார், கடைசி வரைக்கும். என்னைப் பிழைக்கவைத்த பெண்ணின் தலையில் அதைக் கொண்டுபோய்க் கொட்டுவேனா? உள்ளே இருப்பது எதுவாயிருந்தாலும் வெளியே ஒன்றுதான் சொல்வது என்று வாயைக் கட்டினேன். சாந்தாமணியிடம்கூட மூச்சு விடவில்லை.

நடக்க முடிந்ததும் நானும் சாந்தாமணியும் மயிலாத்தாள் வீட்டுக்குப் போனோம். அன்று சமையல் வேலை இல்லாத நாள். எங்களுக்கென்று மட்டும் அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்து, "அரிசி மூட்டையாட்டம் படுத்திருந்தீங்க, இப்ப ஆளே மாறீட்டீங்க" என்றாள். சிரித்தோம். பிறகு எதிரில் உட்கார்ந்து நேராகக் கேட்டாள்.

"தம்பி, உள்ள இருக்கறப்ப உங்களுக்குக் காது கேட்டுச்சுங்களா?"

"இல்லீங்கக்கா. கட்டையாட்டம் கெடந்தேன். ஒண்ணுமே தெரியலீங்க."

"ஓ" என்றாள். முகம் இறங்கியது. நிம்மதியில் அப்படி ஆகிறது என்று எடுத்துக்கொண்டேன். அவள் எழுந்து அடுப்பங்கரைப் பக்கம் போக, நன்றி சொல்ல வந்ததையே இன்னும் சொல்லவில்லையே என்று எனக்கு உறைத்தது. பின்னாலேயே எழுந்தேன். மனசு நிறைந்திருந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது.

"அக்கா, நீங்க இல்லீன்னா இன்னைக்கு நானில்லை. இந்தத் தடவ உடமாட்டேன்னு சொன்னீங்க. சொன்னபடி உடலீங்களே..."

அவள் திரும்பினாள். கரண்டி கையிலேயே இருந்தது.

"அத நான் யாருகிட்டயும் சொல்லலையே தம்பி."

 சாந்தாமணி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அங்க யாருமே இல்ல. மெதுவாத்தான் சொன்னேன்" என்றாள் மயிலாத்தாள். "அதுவே கேட்டுச்சா?"

இனி மறைத்து என்ன செய்வது? "கேட்டுச்சுங்கக்கா" என்றேன். "எல்லாமே கேட்டுச்சு. என்னைய மன்னிச்சுப்போடுங்க. உங்க மனசு தாங்காதுன்னுதான்..."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள். சாந்தாமணி ஓடிப்போய்த் தாங்கினாள். அவள் கதறப்போகிறாள் என்று நான் பயந்து நின்றேன். அவள் கதறவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"நிறுத்தறதுக்கு முன்னால அவருகிட்ட ஒண்ணு சொன்னேன் தம்பி. செத்தவரு காதுல போயிச் சொல்றமேன்னு அன்னைக்கே மனசு உட்டுப்போச்சு. எங்க போனாலும் அவரு முன்னால போயி வண்டிய எடுத்து வச்சுட்டு நிப்பாரு. நான் சாமானெல்லாம் எடுத்து வச்சு, ஊட்டப் பூட்டீட்டுப் போவேன். எத்தன வருசம்! அதான் சொன்னேன். நீங்க போயி வண்டிய எடுங்க, நான் ஊட்டப் பூட்டீட்டு வாரேன்னு."

சாந்தாமணி வாய்விட்டு அழுதாள். நானும்தான்.

"அவருக்கு அது கேட்டிருக்குமுங்களா?"

"கேட்டிருக்குமுங்கக்கா" என்றேன். "ஒரு வார்த்தை உடாமக் கேட்டிருக்கும்."

"அது போதுஞ் சாமி" என்றாள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கொண்டுவந்திருந்த நன்றியை எந்தப் பக்கம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன். அதற்குள் அவள் எழுந்து, "எந்திரிங்க, பருப்பு ஆறீரும்" என்று எங்களை விரட்டினாள். தண்ணீர் தெளித்து வரிசையாக இலை போட்டாள்.

நாங்கள் மூன்று பேர்தான். இலை நான்கு இருந்தது. ஆயிரம் பேர் பந்தியில் எண்ணிக்கை தப்பாதவள் அவள். நாங்கள் அந்த நான்காவது இலைக்கு இடம் விட்டு உட்கார்ந்தோம்.